நன்றியுரை இல்லாத ஆய்வேடு

1

போன வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றே காலுக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், சமையலறை மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினேன். ஒரு வட்டம் சுற்றியது, அப்புறம் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. அவ்வளவுதான். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அதை இறக்கினேன்.

அண்ணாமலை நகரில் பதினாறு வருடம் நான் செய்த தொழிலே ஆய்வேடுகளுக்கு அட்டை போடுவது. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பைரல், காலிகோ பைண்டிங், தங்க எழுத்து என்று எல்லாம் உண்டு. பசை காயாத புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு எத்தனையோ பேர் துறைக்கு ஓடியிருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்கென்று ஓர் ஆய்வேடு வாய்த்தபோது, அதற்கு அட்டையே கிடையாது என்றால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை குமார் கூப்பிட்டான். குமார் என் மனைவி செல்வியின் தம்பி. நான் இங்கிலாந்துக்கு வந்த பிறகு கடையை அவன்தான் பார்க்கிறான். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பாசஞ்சரில் சிதம்பரம் போய் வருகிறான். ஆய்வேட்டை எனக்கு அனுப்புங்கள், ஒரு காப்பி பைண்ட் பண்ணிக் கடையில் வைக்கிறேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருந்தான்.

“மாமா, ஃபைல் வந்துச்சு. மெரூன் அட்டை போட்டுர்றேன். ஆனா முன்னாடி ஏதோ பக்கம் வுட்டுப்போச்சு போல.”

“என்ன வுட்டுப்போச்சு?”

“நன்றியுரை. டைட்டில் முடிஞ்சி நேரா பொருளடக்கம் வந்துடுது. நம்ம கடைலேர்ந்து போற புக்குல நன்றி இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்? அக்கா பேரு கூட இல்ல. டூட்டி மேல டூட்டி பாத்து உங்களப் படிக்க வச்சிது. பாத்தா என்னா நெனைக்கும்?”

“அக்காவுக்குத் தெரியும் மச்சான். வேணும்னுதான் வுட்டேன்.”

“ஏன், அந்த ஊர்ல அதெல்லாம் போடக் கூடாதா?”

போடலாம். தாராளமாகப் போடலாம். நான்தான் போடவில்லை. போனில் சொன்னால் நீளும், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே இது முதலில் குமாருக்கு. ஊரில் மற்றவர்களும் படிக்கலாம்.

2

செல்வி கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. நானும் மகளும் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தோம். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் எனக்குரிய கட்டம் ‘சார்ந்திருப்பவர்’ என்பதுதான். முதல் இரண்டு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அப்புறம் மகளின் பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். போனேன், பிடித்துப்போனது. குழந்தைப் பருவத்தைப் பற்றியே மூன்று வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, முடித்தால் குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யலாம், வயது ஒரு தடையில்லை என்று அங்கிருந்த டீச்சர் ஒருவர்தான் சொன்னார்.

ஊரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

“புள்ள வளக்குறதுக்கா மாமா டிகிரி?” என்றான் குமார். “எங்கம்மா அஞ்சு புள்ள வளத்துச்சு. அதுக்கு டாக்டர் பட்டமே குடுக்கணும்.”

வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை நேற்று முடித்த பெண் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது புரொஜெக்டர் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு பெண் வழிவிட்டு எழுந்து நின்றாள். குழந்தை என்றால் யார் என்று ஒரு பருவம் முழுக்கப் பேசினோம். எனக்கு முதலில் இது வேலையற்ற பேச்சாகத்தான் பட்டது. குழந்தைக்கு அபிப்பிராயம் உண்டு, அது வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதைப் பற்றி எழுதுவதென்றால் அதைக் கேட்க வேண்டும், அதன் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் குறிப்பெடுத்தேன். பரீட்சையிலும் எழுதினேன்.

நன்றியுரை விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பார்த்தது இதுதான்: இருநூறு பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் அந்த ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். “அண்ணே, நீங்களே போட்டுடுங்க” என்பார்கள். அதற்காகவே கணினியில் ‘நன்றி’ என்று ஒரு கோப்பு வைத்திருந்தேன். கடவுள், பெற்றோர், துறைத்தலைவர், நெறியாளர், நூலகர், தகவல் தந்தவர்கள், நண்பர்கள், கடைசியில் அழகுற அச்சிட்டுத் தந்த எங்கள் கடை. வரிசை மாறக்கூடாது, இனிஷியல் தப்பக்கூடாது. ஒரு பெயர் விட்டுப்போனதால் பைண்டிங்கைப் பிரித்துத் திரும்பப் போட்டதெல்லாம் உண்டு.

ஒரு தடவை ஒரு மாணவர், அண்ணாகிராமம் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களைப் பேட்டி எடுத்து ஆய்வு செய்தவர், நன்றியுரையில் பேராசிரியர்களை மட்டும் அடுக்கிவிட்டு அந்தப் பெண்களை மறந்துவிட்டார். “அவுங்க இல்லன்னா உங்களுக்கு ஏது சார் இந்த புக்கு?” என்று சண்டை பிடித்து, அவருடைய நோட்டிலிருந்து பதினோரு பெயரையும் எடுத்து நானே டைப் அடித்துச் சேர்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செல்வியிடம் பெருமையடித்துக்கொண்டேன். ரொம்ப நாள் வரைக்கும், என் தொழிலில் நான் செய்த நல்ல காரியம் என்று அதைத்தான் நினைத்திருந்தேன்.

3

மகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடம் கேட்டுவிட்டேன். “மகள்னு போடுங்க, போதும். பேர் வேணாம்” என்றாள். அப்படியே ஆகட்டும். பதினான்கு வயது.

என் முதல் வருடப் படிப்பு முடிந்த கோடையில் ஊருக்கு வந்தோம். அவள் பெரியவளாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. தாய்மாமன் சும்மா விடுவானா? முதுநகரில் மண்டபம் பிடித்து, சீர்வரிசைத் தட்டு அடுக்கி, மேளம் சொல்லி, குமார் ஊரையே கூட்டிவிட்டான். மண்டப வாசலில் இருபதடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். எங்கள் கடையிலேயே வடிவமைத்தது. ‘மஞ்சள் நீராட்டு விழா காணும் எங்கள் வீட்டு மகாலட்சுமி’ என்று மேலே. கீழே அவளுடைய முழுப்பெயர். நடுவில் அவள் முகம், பல்லுக்குக் கம்பி கட்டிய புதிதில் இங்கே பள்ளிக்கூடத்தில் எடுத்தது. கழுத்துக்குக் கீழே யாருடையதோ பட்டுப் பாவாடையும் ஒட்டியாணமும். ஓரத்தில் வரிசையாகச் சொந்தக்காரர்கள், கூலிங்கிளாஸ் போட்ட குமார் உட்பட.

ஆட்டோவிலிருந்து இறங்கிய மகள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

“எப்படிம்மா இருக்கு? மாமா அசத்திட்டேனா?” என்றான் குமார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். விழாவில் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். ராத்திரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த ஃபோட்டோவ மாமாகிட்ட யாரு குடுத்தா?”

நான்தான் கொடுத்தேன். வாட்ஸாப்பில் அனுப்பினேன். “மாமா ஆசையா பண்ணாரும்மா, ஊர்ல எல்லாரும் பண்றதுதான்” என்றேன். அதற்குப் பிறகு ஊரில் இருந்த மூன்று வாரமும் என்னோடு பேசவில்லை. இங்கே திரும்பி வந்த பிறகு பேசினாள், ஆனால் நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையில் பதில் வரும். காதில் எந்நேரமும் ஹெட்போன் ஒயர்.

வளர்கிற வயது, இந்த ஊர்ப் பழக்கம் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். புலம்பெயர்ந்த குடும்பத்தில் தலைமுறை இடைவெளி என்று அதையே ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. அதை எழுதுவதற்கு முன்னாலும் அவளைக் கேட்கவில்லை.

4

இரண்டாம் வருடத்தில் ஒரு மழலையர் பள்ளியில் பத்து வாரப் பயிற்சி. அதற்கு முன்னால் காவல்துறைச் சரிபார்ப்பு. ஐந்து வருட முகவரி கேட்டார்கள். சிதம்பரத்து வீட்டுக்குப் பழைய எண் ஐந்து, புதிய எண் பன்னிரண்டு என்று எழுதினேன். ஓர் அம்மாள் போனில் கூப்பிட்டு, “ஒரே சமயத்தில் இரண்டு வீட்டில் குடியிருந்தீர்களா?” என்று கேட்டார். நகராட்சி எண்களை மாற்றிய கதையை இருபது நிமிடம் விளக்கினேன். அதை எழுத்தில் கொடுங்கள் என்றார்.

பயிற்சியில் முக்கியமான வேலை ஒரே ஒரு குழந்தையைக் கவனிப்பது. புதன்கிழமை காலையில் போய், ஓரமாக ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அந்தக் குழந்தை செய்வதைப் பார்க்க வேண்டும். தூக்கக் கூடாது, விளையாட்டுக் காட்டக் கூடாது, ஊகம் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். ‘கோபமாக இருந்தாள்’ என்று எழுதினால் என் ஆசிரியர் சிவப்பில் கோடு போடுவார். கோபம் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது, அதை எழுதுங்கள் என்பார். எனக்கு இது சிரமமாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை மூக்கொழுக நின்றால் துடைத்துவிடாமல் அதை நோட்டில் எழுதுகிறவன் மனுஷனா என்று முதல் வாரம் நினைத்தேன்.

நான் கவனித்த குழந்தையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அறிக்கையில் அவள் ‘குழந்தை அ’. இங்கேயும் அப்படித்தான். வீட்டில் பேசுவாள், பாடுவாள், பள்ளிக்கு வந்தால் ஒரு வார்த்தை வராது. இதற்கு மேல் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இந்தப் புத்தி எனக்கு அப்போது இருந்திருக்கலாம்.

குழந்தையின் அம்மா இந்த ஊர்க்காரர், வயது முப்பது இருக்கும், தனியாக வளர்க்கிறார். அனுமதிப் படிவத்தை ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிமிர்ந்து, “இதை எத்தனை பேர் படிப்பார்கள்?” என்று கேட்டார்.

“என் ஆசிரியர் மட்டும்” என்றேன். “உங்கள் பெயரோ குழந்தையின் பெயரோ எங்கேயும் வராது.”

அவர் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கைக் கொடுத்தவன் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

5

நாற்பது பக்க அறிக்கை. உள்ளே ஓர் இடத்தில்கூடப் பெயர் இல்லை. தெருப் பெயரை எடுத்தேன், பஸ் எண்ணைக்கூட எடுத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

பிறகு, எல்லாம் முடிந்து மனசு நிறைவாக இருந்த நேரத்தில், முதல் பக்கத்துக்குப் போய் நன்றியுரை எழுதினேன்.

யோசித்து எழுதவில்லை என்பதுதான் உண்மை. புத்தகம் முடிந்தால் கை தானாக அங்கே போகிறது. கடையில் இருந்த பழைய கோப்பு மாதிரி இல்லாமல் நானே வார்த்தை தேடி எழுதினேன். ஆசிரியருக்கு நன்றி. பள்ளிக்கு நன்றி. ‘தன் மகளைப் பார்க்க என்னை நம்பி அனுமதித்த, மழையிலும் குளிரிலும் ஒரு நாளும் நேரம் தவறாமல் அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்த இந்தத் தாய்க்கு’ என்று முழுப்பெயரோடு நன்றி. ‘ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்த’ குழந்தைக்கு, பெயரோடு நன்றி. தகவல் தந்தவர்களை விட்டுவிடும் ஆள் நானில்லையே! கடைசியில் என் கையெழுத்து.

அதோடு விட்டிருந்தாலும் ஆசிரியர் மட்டும் பார்த்துத் திட்டியிருப்பார். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கில் ஆய்வேடு என்றால் மூன்று காப்பி. கணினியில் ஏற்றியது ஒன்று. நூலகத்து இயந்திரத்தில் நானே ஸ்பைரல் போட்டு எனக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. கடைசிப் புதன்கிழமை ஒரு சாக்லேட் டப்பாவோடு பள்ளி வரவேற்பு மேசையில் மரியாதையாக வைத்துவிட்டு வந்தேன். பெற்றோர்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் இடம் அது. யாரோ ஒரு தாய் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்துப் புரட்டியிருக்கிறார்.

முதல் பக்கத்தில் பெயர். அதற்குப் பிறகு நாற்பது பக்கம், அந்தக் குழந்தை பேசாததும், வருடத்தில் மூன்று வீடு மாறியதும், பயந்தால் என்ன செய்யும் என்பதும். வீட்டை நன்றாகப் பூட்டிவிட்டுச் சாவியை வாசல் கதவிலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அ-வின் அம்மாவுக்கு விஷயம் பள்ளி வாசலில், அடுத்தவர் வாய் வழியாகத் தெரிந்தது.

6

அடுத்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. குழந்தைகளோடு வேலை செய்ய நான் தகுந்தவன்தானா என்று பரிசீலிக்க ஒரு கூட்டம் நடக்கும். அதுவரை எந்தப் பள்ளிக்கும் போகக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு வேலையும் நின்றது. தகுதியில்லை என்று முடிவானால் படிப்பு அத்தோடு சரி. குழந்தைகள் இருக்கும் எந்த வேலைக்கும் அப்புறம் நான் விண்ணப்பிக்கவே முடியாது.

ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். சமைத்தேன், துணி மடித்தேன். செல்விக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“என்னாங்க இது அநியாயமா இருக்கு? நீங்க எந்தப் புள்ளயயும் அடிச்சீங்களா, வஞ்சீங்களா? நன்றி சொன்னதுக்கா வெசாரண?”

மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் தமிழில் பேசியது அன்றைக்குத்தான்.

“அது நன்றி இல்லம்மா. அவங்களக் கேக்காம அவங்க பேரப் போட்டுட்டார்.” லேஸைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: “ஃப்ளெக்ஸ் மாதிரி.”

கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் உட்கார்ந்திருந்த படியில் நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருடமாகப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவனுக்குப் புரியாதது அவளுக்கு ஷூ மாட்டுகிற நேரத்தில் புரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. சாயங்காலம் அவள் அறைக் கதவைத் தட்டி, ஃபோட்டோ கொடுத்ததற்கும் கட்டுரை எழுதியதற்கும் சேர்த்து சாரி சொன்னேன். “ஓகே” என்றாள். கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. அந்த ஓகேயில் எதுவும் முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நான் போட்ட ஸ்பைரல் காப்பி மேசையில் கிடந்தது, முதல் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி. என் பழைய தொழிலைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் நன்றி போடாத ஆய்வேட்டை நன்றி கெட்டவன் வேலை என்றுதான் பார்ப்பார்கள் என்றேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் எழுதியதை யாருக்காக எழுதினீர்கள்?” என்றார்.

“அந்தத் தாய்க்காக.”

“அவரிடம் காட்டினீர்களா?”

“இல்லை.”

முந்திரி உடைத்த அந்தப் பதினோரு பெண்களையும் அப்போது நினைத்துக்கொண்டேன். கூலியைப் பற்றி, முதலாளியைப் பற்றியெல்லாம் அந்த ஆய்வில் பேசியிருந்தார்கள். அவர்கள் பெயரைப் போடச் சொல்லி அந்த மாணவரிடம் சண்டை போட்டவன், போடலாமா என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லவில்லை. அவர்களில் யாருக்காவது அதனால் வேலை போனதா என்றுகூட எனக்குத் தெரியாது. இதையும், மகளுடைய ஃப்ளெக்ஸ் கதையையும் அந்த மூன்று பேரிடம் சொன்னேன். சொல்லித் தப்பிக்கலாம் என்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. என் ஆங்கிலம் அங்கங்கே உடைந்தது. யாரும் திருத்தவில்லை.

படிப்பை விட்டு நீக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை. வேறு பள்ளியில் பத்து வாரமும் முதலிலிருந்து. எல்லாக் காப்பிகளையும் அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாய்க்கு மன்னிப்புக் கடிதம், அதுவும் பள்ளி மூலமாகத்தான். நானாகப் போய்ப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் செய்தேன். என் காப்பியின் ஸ்பைரலைச் சுழற்றி உருவி, தாள் தாளாக நறுக்கும் இயந்திரத்தில் விட்டேன். முதல் பக்கத்தையும் விட்டேன்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. பரீட்சை முடிவு வந்ததும், குழந்தை வளர்க்கும் குடும்பங்களுக்கு உதவும் ஒரு மையத்தில் வேலைக்குச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை ஆய்வேட்டில் முதல் பக்கத்துக்குக் கை போனபோது இழுத்துக்கொண்டேன்.

7

குமாரிடம் பேசிய அன்றைக்கே, சனிக்கிழமை மத்தியானம், மகளுக்கு ஷூ வாங்க இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் காதில் ஒயர். நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் வெளியே வந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நானாகப் போய்ப் பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர் ரோட்டைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். “உங்களைத்தான். உங்களை எங்கேயாவது பார்ப்பேன் என்று நினைத்தேன்” என்றார். அவர் பேசியதைத் தமிழில்தான் எழுத முடிகிறது. “இங்கேயே நில்லுங்கள். போய்விடாதீர்கள்.”

கடைக்கு மேலேதான் வீடு போலிருக்கிறது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கதவைத் திறந்து மேலே போனார். எங்கள் பஸ் வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை, பஸ் போய்விட்டது.

குழந்தையோடும் கையில் ஒரு தாளோடும் இறங்கி வந்தார். மேல் ஓரத்தில், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கும் காந்த வில்லையின் வட்டத் தடம் இருந்தது. என் நன்றியுரை. அழித்த காப்பிகளில் ஒன்றல்ல, விசாரணைக் கோப்பில் வைத்திருந்ததன் நகல். என்னைப் பற்றி எழுதியதை எனக்குக் காட்டுங்கள் என்று அவர் முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். பல மாதம் கழித்து அனுப்பியிருக்கிறார்கள். மற்றவர்களுடைய பெயர்கள் அவர் கைக்குப் போகக் கூடாது என்று கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள். ஆசிரியர் பெயர் மேல் பட்டை, பள்ளியின் பெயர் மேல் பட்டை. கீழே என் பெயர் இருந்த இடத்திலும் ஒரு பட்டை. அவர் பெயரும் குழந்தையின் பெயரும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

“மற்ற நாற்பது பக்கத்தையும் படித்தேன்” என்றார். “ரொம்பக் கோபம் வந்தது. உங்கள் ஆசிரியர் மட்டும்தான் படிப்பார் என்று என்னிடம் சொன்னீர்கள். அதை மறக்கவில்லை.”

“மன்னிக்க வேண்டும்” என்றேன். கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நேரில் இந்த இரண்டு வார்த்தைதான்.

“என்னைப் பற்றி ஆபீஸ்களில் இவ்வளவு உயரத்துக்குக் காகிதம் இருக்கிறது.” இடுப்பளவு கையைக் காட்டினார். “எல்லாவற்றையும் வாங்கிப் படித்திருக்கிறேன். எனக்கு நன்றி சொன்ன தாள் இது ஒன்றுதான். சொன்னது யார் என்று இதில் இல்லை. இவள் வளர்ந்து கேட்டால் நான் எதைக் காட்டுவது? உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்.”

பையிலிருந்து பேனாவை எடுத்தேன், மூடியைத் திறக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தின் வாசகம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேரும் முன்னால் இன்னொரு கடிதம் வந்துவிட்டால்? மகள் காதிலிருந்து ஒயரைக் கழற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“போடுங்கப்பா” என்றாள் தமிழில். “அவங்கதானே கேக்குறாங்க.”

நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பில் தாளை வைத்து, கறுப்புப் பட்டைக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கி, தெரியாத அந்த எழுத்துகளைப் பார்த்தார்.

“இது உங்கள் பெயரா?”

“என் பெயர்தான்.”

தலையை ஆட்டிவிட்டு, மடிக்காமல் பிடித்துக்கொண்டு போனார். குழந்தை இதற்குள் என்ன செய்தாள், என் மகளிடம் என்ன சொன்னாள் என்பதை எழுத மாட்டேன். அது அவளுடையது.

அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஒயரை மாட்டவில்லை, விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அந்த ஃப்ளெக்ஸுக்கு என்னைக் கேட்டிருந்தா, நான் வேற ஃபோட்டோ குடுத்திருப்பேன்.”

“எந்த ஃபோட்டோ?” என்று கேட்டேன்.

போனை எடுத்து ரொம்ப நேரம் தள்ளித் தள்ளித் தேடினாள். நடுவில் வந்த படங்களை நான் பார்க்காமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டாள். கடைசியில் திருப்பிக் காட்டினாள். அண்ணாமலை நகரில் எங்கள் கடை வாசல், விழாவுக்கு முந்தின வாரத்துத் தேதி. குமாரின் பைக் மேல் உட்கார்ந்து, தலைமுடியெல்லாம் கலைந்து, பல்லுக் கம்பி தெரிய அவள் சிரிக்கிறாள். எடுத்தது குமாராகத்தான் இருக்கும், அவனுடைய கட்டைவிரல் ஓரத்தில் விழுந்திருந்தது.